பார்டர் சுகர் பரம்பரையா, பழக்கமா?

கேள்வி சுருக்கமாக இதுதான். 39 வயது, காட்பாடியில் வீடு, ராணிப்பேட்டை சிப்காட்டில் வேலை. கம்பெனி வேனில் போய் வேனிலேயே திரும்புகிறார். மூன்று வாரத்துக்கு ஒரு வாரம் நைட் ஷிஃப்ட். கம்பெனியில் நடந்த மருத்துவ முகாமில் மூன்று மாத சுகர் சராசரி 6.1 என்று வந்திருக்கிறது. “அப்பாவுக்கு சுகர், பெரியப்பாவுக்கும் சுகர். நானோ ஒல்லி, 66 கிலோதான். எங்கள் தாத்தா மூன்று வேளையும் களியும் சோறும் சாப்பிட்டு 84 வயது வரை நன்றாக இருந்தார். பழக்கத்தை மாற்றினால் மட்டும் என்ன ஆகிவிடும்? எப்படியும் வரத்தானே போகிறது?”

தம்பி, நான் டாக்டர் இல்லை. அணைக்கட்டு பக்கம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். கடைசி ஒன்பது வருடம் சுகர், பிரஷர் பார்க்கும் மேஜையில்தான் உட்கார்ந்திருந்தேன். “எப்படியும் வரத்தானே போகுது நர்சம்மா” என்பதை அந்த மேஜைக்கு எதிரில் இருந்து எத்தனை பேர் சொல்லிக் கேட்டிருப்பேன் என்று கணக்கே இல்லை. பாதிப் பேர் பயத்தில் சொல்வார்கள், மீதிப் பேர் சோம்பலில். நீங்கள் எந்த ரகம் என்று எனக்குத் தெரியாது. ஆனால் 6.1 என்பது நல்ல சமயத்தில் வந்த நம்பர். 5.7 முதல் 6.4 வரை இருந்தால் பார்டர், 6.5 தொட்டால் சுகர். நீங்கள் நடுவில் நிற்கிறீர்கள். இங்கிருந்து முன்னாலும் போகலாம், பின்னாலும் வரலாம்.

முதலில் அந்த ‘ஒல்லி’ விஷயம். 66 கிலோ என்று எழுதிய நீங்கள் இடுப்புச் சுற்றளவை எழுதவில்லை. நம் ஊர் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80. அதைத் தாண்டினால் தராசு என்ன சொன்னாலும் கணக்கில் வராது. கையும் காலும் குச்சி மாதிரி, சட்டையின் நாலாவது பட்டன் மட்டும் இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்கும். இந்த உடம்பை நம் பக்கம் தெருவுக்குத் தெரு பார்க்கலாம். புனேயில் டாக்டர் யாஜ்னிக் இதைப் பற்றி ஒரு படமே போட்டுக் காட்டினார். அவரும் ஒரு இங்கிலாந்து டாக்டரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பார்கள். உயரத்தையும் எடையையும் சேர்த்துப் போடும் பி.எம்.ஐ. கணக்கு இருவருக்கும் ஒன்றுதான், 22.3. ஆனால் அந்த இங்கிலாந்துக்காரர் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், நம்மவர் உடம்பில் 21.2. எடை ஒன்று, உள்ளே இருக்கும் சரக்கு வேறு.

இதை வேலூரிலேயே பார்த்திருக்கிறார்கள். 1969 முதல் 1973 வரை வேலூர் நகரத்திலும் கே.வி.குப்பம் வட்டாரத்துக் கிராமங்களிலும் பிறந்த குழந்தைகளை சி.எம்.சி. பதிவு செய்து வைத்தது. அவர்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை 26 முதல் 32 வயதில் மறுபடி கூப்பிட்டுச் சோதித்தார்கள். முப்பது வயது கூட ஆகாத பிள்ளைகள் பலர். டவுனில் 100 பேரில் கிட்டத்தட்ட 19 பேருக்கும், கிராமத்தில் 14 பேருக்கும் உங்களைப் போல பார்டர் நிலை. சிறு வயதில் மெலிந்திருந்து பிறகு வளர வளர எடை கூடியவர்களுக்குத்தான் இது அதிகம் இருந்தது. ஆக, குண்டாக இருப்பவர்களின் வியாதி என்று நினைத்து நீங்கள் நிம்மதியாக இருக்க முடியாது. கிராமத்துக்காரன் என்பதாலும் தப்ப முடியாது.

இப்போது தாத்தாவுக்கு வருகிறேன். எனக்கும் ஒரு தாத்தா இருந்தார், ஒடுகத்தூர் பக்கம். சின்ன வயதில் அவரோடு கிணற்றடியில் உட்கார்ந்திருக்கிறேன். விடிவதற்கு முன்னாலேயே ஏத்தம் இறைக்கத் தொடங்கிவிடுவார்கள். ஒருத்தர் மேலே மரத்தில் முன்னும் பின்னும் நடந்து மிதிக்க வேண்டும், ஒருத்தர் கீழே சால் பிடித்து ஊற்ற வேண்டும். எண்ணிக்கை தவறாமல் இருக்கப் பாட்டு. ஒன்பது மணிக்குப் பாட்டி கூழ் கொண்டுவருவாள். நேற்று ஆக்கியதை மோர் விட்டுத் தண்ணியாகக் கரைத்தது, கடித்துக்கொள்ளச் சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும். மதியம் ஒரு களி உருண்டை, கீரைக் கடைசல் இல்லாவிட்டால் மல்லாட்டை (வேர்க்கடலை) சட்னி. நெல்லுச் சோறு என்பது பண்டிகைக்கு, விருந்தாளிக்கு, அப்புறம் காய்ச்சல் வந்து படுத்த பிள்ளைக்கு. உங்கள் தாத்தா மூன்று வேளையும் சோறு சாப்பிட்டார் என்பதைக் கொஞ்சம் விசாரித்துப் பாருங்கள். வீட்டில் பெரியவர்கள் யாராவது இருந்தால் சரியாகச் சொல்வார்கள்.

பிறகு கிணற்றுக்கு மோட்டார் வந்தது, உழவுக்கு டிராக்டர் வந்தது, பால் சொசைட்டிக்குப் போக டிவிஎஸ் ஃபிப்டி வந்தது. யாரும் அதைக் குறை சொல்ல முடியாது. ஏத்தம் மிதித்த மூட்டுகள் என்ன பாடுபட்டன என்று எனக்குத் தெரியும். ஆனால் களி உருண்டை இருந்த இடத்தில் அதே அளவுக்கு, இல்லை அதைவிடப் பெரிதாக, வெள்ளைச் சோறு வந்து உட்கார்ந்தது. மிதித்த கால் மட்டும் நின்றுபோனது. இவ்வளவுதான் தம்பி, நம் பக்கத்து சுகரின் கதையில் முக்கால்வாசி. அப்பாவிடம் இருந்து உங்களுக்கு வந்தது உடம்பின் வாகு மட்டும் இல்லை, ஏத்தம் இறைப்பவனுக்குப் போட்ட சோற்றின் அளவும் சேர்ந்தே வந்தது.

இதைச் சொன்னதும் “சரி, திரும்ப ராகிக்குப் போய்விடுகிறேன்” என்பார்கள். போங்கள், நல்லதுதான். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது, நார்ச்சத்தும் வெள்ளை அரிசியைவிட அதிகம். ஆனால் மாவுச்சத்து என்று பார்த்தால் அரிசிக்கும் அதற்கும் இடைவெளி ரொம்பக் குறைவு. நைசாக அரைத்த மாவைக் கஞ்சியாகக் காய்ச்சி, ஒரு பெரிய சொம்பு குடித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தால் சுகர் ஏறத்தான் செய்யும். கால் சொம்பு கூழும் இரண்டு மடங்கு கீரையும் என்றால் வேறு கதை. ராகியில் மருந்து இருக்கிறது என்று நினைத்து மாத்திரையை நிறுத்தியவர்கள் இரண்டு பேரை எனக்குத் தெரியும். இருவரையும் ஆம்புலன்ஸில்தான் அனுப்பினோம்.

சரி, பரம்பரை வாகு உள்ளவன் பழக்கத்தை மாற்றினால் பயன் உண்டா என்ற உங்கள் நேர்க் கேள்வி. இதற்கு நம் நாட்டிலேயே பதில் இருக்கிறது. சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் 531 பேரை எடுத்துக்கொண்டார்கள், எல்லோரும் பார்டரில் நின்றவர்கள். சிலருக்குச் சும்மா பொதுவான அறிவுரை மட்டும். சிலருக்குச் சாப்பாடு, நடை இரண்டிலும் தொடர்ந்து வழிகாட்டினார்கள். சிலருக்கு மாத்திரை. மூன்று வருடக் கணக்கைப் பார்த்தால், அறிவுரையோடு விட்டவர்களில் 100-க்கு 55 பேருக்குச் சுகர் வந்துவிட்டது. சாப்பாட்டையும் நடையையும் மாற்றியவர்களில் 39 பேருக்கு. மாத்திரை மட்டும் எடுத்தவர்களும் ஏறக்குறைய அதே 40 பக்கம்தான். 2006-இல் இது வெளியானது. எனக்கு இதில் பிடித்த விஷயம் வேறு. பழக்கத்தை மாற்றியவர்களுக்கு எடை பெரிதாகக் குறையவே இல்லை. ஆனாலும் பலன் கிடைத்தது. ‘மூன்று மாதமாக நடக்கிறேன், ஒரு கிலோ கூட இறங்கவில்லை’ என்று மனம் விட்டு நிறுத்துகிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

அந்த 39 பேரையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். எல்லாம் செய்தும் வந்தவர்கள் அவர்கள். அது அவர்கள் தப்பு இல்லை. உங்களுக்கும் அப்படி ஆகலாம். ஆனால் ஐந்தாறு வருடம் தள்ளி வந்தாலே உங்கள் கண்ணும் சிறுநீரகமும் அத்தனை வருடம் மிச்சம்.

இனி உங்கள் நாள். நீங்கள் எழுதியதில் எனக்குத் தட்டுப்பட்டது சோறு இல்லை, டீ. வேன் ஏறும் முன் ஒன்று, பத்தரைக்கு ஒன்று, நாலு மணிக்கு ஒன்று, வீட்டுக்கு வந்ததும் ஒன்று. கடை டீயில் இரண்டு ஸ்பூன் சர்க்கரைக்குக் குறைந்து யார் போடுகிறார்கள்? ஒரு ஸ்பூன் 5 கிராம் என்று வைத்தாலும் ஒரு நாளைக்கு 40 கிராம். மாதம் 1,200 கிராம். கிட்டத்தட்ட ஒன்றே கால் கிலோ சர்க்கரையை ஒரு பொட்டலமாகக் கட்டி மேஜையில் வைத்து, ‘இது நீங்கள் போன மாதம் டீயில் குடித்தது’ என்று காட்டினால் ஆள் மிரண்டு போவார். நான் காட்டியிருக்கிறேன். உலக சுகாதார நிறுவனம் நாளுக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது. டீயை விடச் சொல்லவில்லை, நானும் டீ இல்லாமல் இருக்க மாட்டேன். கடைக்காரரிடம் “அரைச் சர்க்கரை” என்று இரண்டு வாரம், அப்புறம் “சர்க்கரை இல்லாமல்”. இரண்டாவது வாரம் கசக்கும், நாலாவது வாரம் பழைய டீ பாயசம் மாதிரி தெரியும். கூடவே வரும் அந்த இரண்டு வர்க்கியை மறந்துவிடாதீர்கள், அதுவும் கணக்குதான்.

மதியச் சாப்பாட்டில் ஒரே ஒரு மாற்றம். டிபன் கேரியரில் பெரிய கிண்ணம் சோற்றுக்கு, சின்னக் கிண்ணம் பொரியலுக்கு என்று வீட்டில் கட்டுவார்கள் இல்லையா? இரண்டையும் இடம் மாற்றச் சொல்லுங்கள். பெரிய கிண்ணத்தில் காய், சின்னதில் சோறு. இலவம்பாடி முள்ளு கத்திரிக்காய்க்குப் புவிசார் குறியீடு வாங்கிய ஊர்க்காரர்கள் நாம், காய்க்கா பஞ்சம்? காயையும் பருப்பையும் முதலில் சாப்பிட்டுவிட்டுச் சோற்றுக்கு வாருங்கள். சர்க்கரை ஏறும் வேகம் குறையும். கூடவே ஒரு முட்டையோ சுண்டலோ இருக்கட்டும். நம் தட்டில் எப்போதும் இளைத்துப் போயிருப்பது புரதம்தான். ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றும் ஒரே நாளில் வேண்டாம். நாள் முழுக்க எல்லாவற்றிலும் சேர்த்து ஒரு டீஸ்பூன் உப்புதான், 5 கிராம்.

ஞாயிற்றுக்கிழமை பிரியாணி பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஆம்பூருக்கு இவ்வளவு பக்கத்தில் வீடு வைத்துக்கொண்டு பிரியாணியை விடு என்று சொன்னால் யார் கேட்பார்கள்? சாப்பிடுங்கள், ஒரு பிளேட். கத்திரிக்காயும் தயிர்ப் பச்சடியும் கூடக் கொஞ்சம் வாங்கிக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமையால் சுகர் வந்தவனை நான் பார்த்ததில்லை. மற்ற ஆறு நாளால் வந்தவர்கள்தான் அத்தனை பேரும்.

நடை. எல்லோரும் விடியற்காலை நடை என்பார்கள். ஆறரைக்கு வேன் பிடிக்கிறவர் ஐந்து மணிக்கு எழுந்து கழிஞ்சூர் ஏரிக்கரையில் நடப்பது ஒன்பது நாள் நடக்கும், பத்தாவது நாள் மழை பெய்யும், அதோடு முடிந்தது. உங்களுக்கு நான் சொல்வது சாப்பிட்ட பிறகு நடப்பது. சாப்பிட்டு அரை மணிக்குள் பத்துப் பதினைந்து நிமிடம். தொடைச் சதை அசையும்போது அது இன்சுலினுக்காகக் காத்திராமல் ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். மதியம் கம்பெனி காம்பவுண்டுக்குள் இரண்டு சுற்று, நிழல் இருக்கும் பக்கமாக. இரவு சாப்பிட்டதும் செல்போனை வீட்டில் வைத்துவிட்டு காந்தி நகர் தெருக்களில் இரண்டு வளைவு. மாலையில் வேன் வீட்டு வாசலில் இறக்கிவிடுகிறது என்றால் ஒரு கிலோமீட்டர் முன்னாலேயே இறங்கிக்கொள்ளுங்கள். வாரத்துக்கு 150 நிமிடம் என்று சொல்வார்கள், இப்படிச் சேர்த்தாலே அதைத் தாண்டிவிடும். வேலூர்க் கோட்டை அகழி ஓரம் ஷூ போட்டு நடப்பதெல்லாம் லீவு நாளில் வைத்துக்கொள்ளுங்கள்.

சித்திரை, வைகாசியில் கவனம். நம் ஊரை வெயிலூர் என்று சும்மாவா கிண்டல் செய்கிறார்கள். காலை ஏழரை தாண்டினாலே வெயில் அடிக்க ஆரம்பித்துவிடும். அந்த மாதங்களில் நடையை இரவுக்குத் தள்ளுங்கள். தாகத்துக்கு பாட்டில் ஜூஸ் வேண்டாம், மோர், தண்ணீர் போதும். சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனால் தண்ணீர் பற்றவில்லை என்று அர்த்தம். கோடையில் கல்லடைப்பு என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்கள் வரிசையாக வருவார்கள்.

நைட் ஷிஃப்ட் வாரம்தான் உங்களுக்கு உண்மையான சிக்கல். இதை யாரும் பேச மாட்டேன் என்கிறார்கள். தூக்கம் குறைந்தால் இன்சுலின் சொன்ன பேச்சை உடம்பு கேட்காது, பசியும் கூடும், அதுவும் இனிப்புக்கும் வறுத்ததுக்கும். இரவு ஒரு மணிக்குச் சாப்பிடும் சோற்றைப் பகலில் சாப்பிடுவது போல உடம்பு சமாளிக்காது. அதனால் அந்த வாரம் மட்டும் பெரிய சாப்பாட்டை ஷிஃப்டுக்குப் போகும் முன் எட்டு மணிக்கே முடித்துவிடுங்கள். உள்ளே போனதும் சுண்டல், அவித்த மல்லாட்டை, மோர் இந்த அளவோடு. கேன்டீன் பரோட்டாவை அந்த நேரத்தில் தொடாதீர்கள். காலையில் வீட்டுக்கு வந்ததும் ஜன்னலுக்குக் கறுப்புத் துணி, போன் அமைதி. ஏழு மணி நேரத் தூக்கம் உங்கள் சம்பளத்தில் ஒரு பகுதி என்று வீட்டில் உள்ளவர்களுக்குப் புரிய வையுங்கள். பகலில் தூங்குகிறவனை எழுப்பி ரேஷன் கடைக்கு அனுப்பும் வீடுகள் நிறைய.

பீடி, சிகரெட் பற்றி நீங்கள் எழுதவில்லை. இருந்தால் மேலே சொன்ன எல்லாவற்றுக்கும் முன்னால் அதை விடுங்கள். பீடி இலையில் சுற்றியது, இயற்கை என்று குடியாத்தம் பக்கம் ஒருவர் என்னிடம் வாதாடினார். உள்ளே இருப்பது புகையிலைதானே? விட்ட ஒரு வருடத்தில் மாரடைப்பு ஆபத்து, தொடர்ந்து குடிக்கிறவனோடு ஒப்பிட்டால் பாதியாகிவிடும். குடியும் அப்படித்தான், அளவாகக் குடித்தால் இதயத்துக்கு நல்லது என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்ப வேண்டாம்.

நீங்கள் 84 வயதைப் பற்றிப் பேசினீர்கள். எத்தனை வயது வரை என்பது எனக்குப் பெரிதாகப் படவில்லை, எப்படி என்பதுதான். ஒன்று சொல்கிறேன். நம் பக்கம் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் முடிந்து தீமிதி நடக்கும். ஒரு வருடம் தீமிதி முடிந்த நாலாவது நாள் ஐம்பத்திரண்டு வயதுக்காரர் ஒருவர் வந்தார். காலில் வலியில்லை, ஆனால் செருப்பில் ஈரமாக ஏதோ ஒட்டுகிறது என்று வந்தார். திருப்பிப் பார்த்தால் உள்ளங்காலில் என் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் உரிந்து கிடந்தது. பன்னிரண்டு வருட சுகர், கால் மரத்துப் போயிருந்தது. அவர் அதை “இந்த வருஷம் அம்மன் அருளால் சூடே தெரியல” என்று சந்தோஷமாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். நான் கட்டுப் போட்டுக்கொண்டே அழுதுவிட்டேன். மூன்று மாதம் கட்டு மாற்றினோம். ஒரு விரல் போனது, கால் தப்பியது. அவர் மனைவி பீடி சுற்றிய காசில் ஆட்டோவுக்குக் கொடுத்துக் கூட்டிவருவார்.

அதே வருடம் என் வயதுடைய தோழிகள் இரண்டு பேரோடு சோளிங்கர் போனேன். 1,305 படி. அப்போது ரோப் கார் கிடையாது. ஒருத்திக்குச் சுகர் வந்து பதினைந்து வருடம் ஆகியிருந்தது, ஆனால் மாத்திரையும் மாலை நடையும் தவறாதவள். இன்னொருத்திக்கு ஒரு வியாதியும் இல்லை, மாடிப்படி கூட ஏறிப் பழக்கமில்லை. சுகர்க்காரி எனக்கு முன்னாலேயே மேலே போய் நரசிம்மரைப் பார்த்துவிட்டு வந்து எங்களுக்கு மோர் வாங்கிக் கொடுத்தாள். மற்றவள் 400-வது படியில் குரங்குகளுக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டாள்.

செய்ய வேண்டியது இப்போதைக்கு இவ்வளவு. கேம்ப் ரிசல்ட்டை மட்டும் நம்பி இருக்காதீர்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் சுகர், பிரஷர் இலவசமாகப் பார்க்கிறார்கள், அங்கே போய் வெறும் வயிற்றில் ஒரு முறை, சாப்பிட்டு இரண்டு மணி கழித்து ஒரு முறை எடுங்கள். நைட் ஷிஃப்ட் வாரத்தில் எடுக்க வேண்டாம், பகல் ஷிஃப்டில் நாலு நாளாவது சரியாகத் தூங்கிய பிறகு போங்கள். ரிப்போர்ட்டை அங்குள்ள டாக்டரிடம் காட்டி மாத்திரை தேவையா என்று கேளுங்கள், அதை நான் சொல்லக் கூடாது. மூன்று மாதம் கழித்து அந்தச் சராசரி டெஸ்டை மறுபடி எடுங்கள். அதற்கு முன்னால் எடுத்தால் மாற்றம் முழுசாகத் தெரியாது. உங்கள் அண்ணன் தம்பி, அக்கா தங்கை இருந்தால் அவர்களையும் கூட்டிப்போங்கள், அப்பா அவர்களுக்கும் அப்பாதானே.

இன்று இரவே வீட்டில் தையல் டேப் இருந்தால் எடுங்கள். தொப்புள் மட்டத்தில் சுற்றி, மூச்சைச் சாதாரணமாக விட்ட பிறகு அளந்து எனக்கு எழுதுங்கள். வயிற்றை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டு அளக்கிறவர்களை எல்லாம் அந்த மேஜையில் நான் நிறையப் பார்த்தாயிற்று.